குதிகாலும் கியரும்

முதலாம் ஆண்டில் சேர்ந்த நாளன்று, “எனக்கு ஊர் மங்களூர்” என்று சொன்னதும், பக்கத்து பெஞ்சு நண்பர் ஒருவர், “கன்னடம் பேசுவீர்களா?” என்று கேட்டார். ஓட்டுக்குப் பேர்போன அந்த மேற்குக் கடற்கரை மங்களூர் வேறு. எங்கள் மங்களூர் வேறு. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மண், ஒரு ஊராட்சி ஒன்றியம், 2006 தேர்தல் வரை ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயர் (2011 முதல் அது திட்டக்குடி ஆகிவிட்டது), இவ்வளவுதான் எங்கள் பெருமை. ஓடு கூட எங்களிடம் இல்லை. பீங்கானுக்கு நாங்கள் விருத்தாசலத்திற்குத்தான் வரவேண்டும்.

அப்படி வந்து போகிறவர்தான் என் அப்பா. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கத்துச் சூளைகளில் பிள்ளையார், செட்டியார், யானை, குதிரை, கொலு பொம்மை, அகல் விளக்கு என்று வாங்கி, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி, வேப்பூர் வழியாகக் கொண்டுவந்து எங்கள் பக்கத்துச் சந்தைகளில் விற்பார். வாகனம் ஒரு புல்லட். புதிதன்று, மூன்றாவது கை. கடனில் வாங்கியது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிணற்றுப் படியில் வழுக்கி அப்பாவின் இடது கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் பாதம் மேல்நோக்கி மடங்கவில்லை. நடக்கும்போது பார்த்தால் அதிகம் தெரியாது; வண்டியில் ஏறினால்தான் தெரியும். ஏனென்றால் அந்த வண்டிக்குக் கியர் இடப்பக்கம். முதல் கியருக்கு விரலால் கீழே அழுத்தலாம்; இரண்டு, மூன்று, நான்கு, ஐந்துக்கு லீவரின் அடியில் பாதத்தை நுழைத்து மேலே தூக்க வேண்டும். தூக்குவது ஒன்றுதான் அப்பாவால் ஆகாதது.

இங்கே வாசகர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1955இல் சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கியபோது அதற்குக் கியர் வலப்பக்கமும் பிரேக் இடப்பக்கமுமாக இருந்தன. ஆங்கிலேய வண்டிகளின் வழக்கம் அது. 1970களின் நடுவில் அமெரிக்கா இடப்பக்கக் கியரைச் சட்டமாக்கிய பிறகு உலகமே இடப்பக்கம் சாய்ந்தது. நம் புல்லட் மட்டும் புது நூற்றாண்டு பிறக்கும்வரை பிடிவாதமாக வலப்பக்கத்திலேயே நின்றது. எங்கள் பெரியப்பா ஓட்டியது அந்தப் பழைய வகை. கால் முறிந்த பின் அப்பா அந்த வண்டியைப் பற்றிப் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இறந்துபோன உறவினரைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு உருக்கமாகப் பேசியதில்லை.

ஒருநாள் வேப்பூர் கூட்டுரோட்டில் முதல் கியரிலிருந்து வண்டி ஏறவேயில்லை. அப்பா முழங்காலோடு சேர்த்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், செருப்பு நழுவியது. இஞ்சின் அலற, பின்னால் லாரி ஒலிக்க, பதற்றத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டார். வண்டி துள்ளிச் சாய்ந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். பெட்டியில் முப்பத்தாறு பிள்ளையார், தேறியவை பதினொன்று.

“பேசாம இதை வித்துட்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஒண்ணு வாங்குங்க. அதுக்குக் கியரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. முன்னால பலகையில மூட்டையும் வெச்சுக்கலாம்” என்றாள் அம்மா. கணக்குப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரி. இன்றும் அதுதான் என் கருத்து. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த நாள் முதல் தமிழ்நாட்டின் பால்காரரையும் பூக்காரரையும் சுமந்தது அந்தக் குடும்பத்து வண்டிதான். ஆனால் புல்லட்டை விற்றால் பாக்கிக் கடனுக்கே பணம் போதாது. அதோடு, அப்பா எதுவும் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த மௌனத்திற்கு முன்னால் கணக்கு நிற்கவில்லை. கால் தேற வேண்டுமென்று அம்மா மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்தாள். நான் ஒர்க் ஷாப்புக்குப் போனேன்.

விருத்தாசலத்தில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன் அப்பாவை நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு வண்டிப் பக்கம் குனிந்து, “அண்ணே, இதுல விரல் லீவர் மட்டுந்தான் இருக்கு. முன்னால வெச்சிருந்தவன் ஷோக்குக்கு மாத்தியிருக்கான். குதிகால் லீவர் போட்டா நீங்க தூக்கவே வேணாம்” என்றார்.

ஆறாம் வகுப்பில் படித்த நெம்புகோல்தான் அது; ஏற்றமும் சீசாப் பலகையும் போல. நடுவில் அச்சு, முன்னால் விரலுக்கு ஒரு மிதி, பின்னால் குதிகாலுக்கு ஒரு மிதி. பின்மிதியைக் கீழே அழுத்தினால் முன்மிதி தானே மேலே எழும். தூக்குகிற வேலை அழுத்துகிற வேலையாக மாறிவிடுகிறது. மடங்காத கணுக்காலுக்கு அழுத்துவது சிரமமன்று. முழங்காலும் தொடையும் அதைப் பார்த்துக்கொள்ளும். பின்கை எவ்வளவு நீளம் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பத்து சென்டிமீட்டர் கையைப் பதினைந்தாக்கினால் அழுத்தும் விசை மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். ஆனால் குதிகால் ஒன்றரை மடங்கு தூரம் இறங்க வேண்டும். இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை என்று எங்கள் பேராசிரியர் சொல்வதை அன்றுதான் நம்பினேன்.

அடுத்தது பாதம் எங்கே இருப்பது என்ற கேள்வி. உருளையான புட்ரெஸ்டில் பாதத்தின் நடுப்பகுதி மட்டும்தான் படியும். குதிகால் அந்தரத்தில் தொங்கும். நல்ல கணுக்கால் அதைத் தாங்கும். அப்பாவின் கணுக்கால் தாங்காது; வேப்பூர் வருவதற்குள் வலி ஆரம்பித்துவிடும். அதனால் புட்ரெஸ்டுக்குப் பதில் பலகை. அமெரிக்காவின் ஹார்லி வண்டிகளில் நெடுங்காலமாக உள்ள ஏற்பாடு அது. ஸ்கூட்டரில் வைப்பதுபோல முழுப் பாதத்தையும் வைக்கலாம்; அலுத்தால் முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

இவ்வளவும் புத்தகத்தில் படிக்க அழகாக இருக்கிறது. நான் அவசரப்பட்டு வெளியூர்க் கடை ஒன்றில் லீவரும் பலகையுமாக ஒரு ஜோடி வாங்கிவந்து மாட்டச் சொன்னேன். பளபளவென்று இருந்தது. மெக்கானிக் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் மாட்டினார். முதல் நாளே இரண்டு கோளாறு. பலகை அகலம், இறுக்கமாக ஒரே நிலையில் நிற்பது. இடப்பக்கம் சாய்ந்து திரும்பும்போது தரையில் உரசி, வண்டியையே ஓரம் தள்ளப் பார்த்தது. இன்னொன்று அதைவிட மோசம். அப்பா குதிகாலை இறக்கி வைக்கும் இடத்திற்கு நேர்மேலே பின்மிதி இருந்தது. வேகத்தடையில் வண்டி குதித்தால் குதிகால் தானாக இறங்கும்; கியர் தானாக மாறும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் வந்தவர் சைடு ஸ்டாண்டைத் தேடிக் காலால் துழாவினார். அதுவும் பலகைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது.

காசு கொடுத்தது நான். கடலைச் செடி பிடுங்கிய கூலி. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வீட்டுத் திண்ணையில் அப்பாவை நிற்கவைத்து, செருப்போடு, சுண்ணாம்புக் கட்டியால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். குதிகாலிலிருந்து விரல் தொடங்கும் மேடுவரை அளந்தேன். செருப்பின் தடிமனையும் அளந்தேன். வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை. “என்னடா தம்பி, சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி எடுக்கிற” என்று அப்பா சிரித்தார். கால் முறிந்த பிறகு தன் காலைப் பற்றி அவர் சிரித்தது அதுவே முதல் தடவை.

அளவுத் தாளோடு மீண்டும் ஒர்க் ஷாப். லீவரை அச்சின் பல்லில் ஒரு பல் தள்ளி மாட்டினால் பின்மிதி உயரும். ஆனால் முன்மிதி தாழ்ந்துவிடும். சீசாப் பலகைக்கு வேறு வழி தெரியாது. ஆகவே மெக்கானிக் பின்கையை மட்டும் கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, மேல்நோக்கியும் சற்றுப் பின்னோக்கியும் வளைத்தார். குதிகால் வந்து உட்கார இரண்டு விரற்கடை இடம் கிடைத்தது. பலகையைக் கீல் வைத்ததாக மாற்றினார். தரையில் பட்டால் அது மேலே மடங்கிக்கொள்ளும், வண்டியைத் தூக்காது. ஓரத்தைச் சீவிக் குறைத்து, அதிர்ச்சி தெரியாமலிருக்க மேலே கெட்டி ரப்பர் ஒட்டினார். சைடு ஸ்டாண்டுக்கு ஒரு வால் வெல்டிங் செய்தார்.

“வலது பக்கமும் பலகை போட்டுடுங்களேன், ஜோடியா இருக்கும்” என்றேன்.

“வலது கால் நல்லாத்தானே இருக்கு? பலகை போட்டா பிரேக் பெடலையும் ஏத்தணும். நல்லா இருக்கிறதைத் தொடாதே, தம்பி.”

பெட்டிக்கு இடம் வேண்டுமென்று பின்சக்கரத்துச் சேலைக் காப்பைக் கழற்றலாமா என்று அவர் கேட்டபோது மட்டும் நான் மறுத்துவிட்டேன். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும், உடை சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி. விதி இல்லாவிட்டாலும் பின்னால் உட்காருகிறவள் அம்மா.

இப்போது எங்கள் வண்டி பார்க்க விநோதமாக இருக்கும். இடப்பக்கம் ஸ்கூட்டர், வலப்பக்கம் புல்லட். சந்தையில் பிள்ளைகள் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். அப்பாவுக்குப் பழக ஒரு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு கியருக்கும் உரலில் இடிப்பதுபோல ஓங்கி மிதித்தார், பிறகு மெல்ல மிதிக்கக் கற்றுக்கொண்டார். சென்ற கார்த்திகைக்கு ஏழு நடை அகல் விளக்கு ஏற்றிவந்தார். உடைந்தவற்றை அம்மா எண்ணி வைத்தாள்: மொத்தம் நான்கு.

கோரிக்கை நிறைவேறினால் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராதை ராஜினாமா செய்ய வேண்டும். “அதான் வண்டி ஓட்டுறேனே, போய்க் கொடுத்துட்டு வந்துடலாம்” என்கிறார் அப்பா. அம்மா சம்மதிக்கவில்லை. “நான் கால்னுதான் எழுதிக் கட்டினேன், கியர்னு எழுதலை” என்கிறாள். வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.