‘நாம படிப்போம்’ என்ற டீச்சருக்கு

அன்புள்ள டீச்சருக்கு,

இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்களோ தெரியவில்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் மற்றவர்கள் கண்ணிலும் இது பட வேண்டும்.

எட்டாம் வகுப்பில், ‘மை ஃபாதர் வில் டிரிங்க் டீ எவ்ரி மார்னிங்’ என்று எழுதியிருந்தேன். நீங்கள் சிவப்பு மையை எடுக்கவில்லை. “இதைத் தமிழ்ல சொல்லு” என்றீர்கள். “அப்பா தினமும் காலையில டீ குடிப்பார்.” “குடிப்பார்னா, இனிமே குடிப்பாரா, வழக்கமா குடிப்பாரா?” அந்தக் கேள்வியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. தமிழில் எதிர்கால வினையே வழக்கத்தையும் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அன்றாட வழக்கத்துக்கு ‘டிரிங்க்ஸ்’ போதும். பிழையின் வேர் தெரிந்த பிறகு அந்தப் பிழை எனக்கு வரவே இல்லை.

‘கோயிங் டு’ நடத்திய அன்று ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்திருந்தது. “மழை வரப் போகுது டீச்சர்” என்று யாரோ சொன்னதும் உங்கள் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா, நம்ம ‘போகுது’தான் அவங்க ‘கோயிங்’!” அறிகுறி கண்ணெதிரே தெரிந்தாலோ, முன்பே முடிவெடுத்திருந்தாலோ ‘கோயிங் டு’ வரும். கதவு தட்டும் சத்தம் கேட்டு, அந்த நொடியில் “நான் திறக்கிறேன்” என்று எழுந்தால் ‘ஐ வில்’. தமிழில் அங்கே நிகழ்காலம் வருவதால்தான் தடுமாறுகிறோம் என்பதையும் சொன்னீர்கள்.

உங்களை ‘யூ’ என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. ‘நீ’ என்று சொல்வதாகவே பட்டது. முற்காலத்து ஆங்கிலத்தில் ஒருவரைக் குறிக்க ‘தௌ’ இருந்தது, ‘யூ’ பலருக்கும் பெரியவர்களுக்கும் உரியதாக இருந்தது, காலப்போக்கில் ‘தௌ’ வழக்கொழிந்து ‘யூ’ நிலைத்தது என்று விளக்கினீர்கள். “அதனால நீங்க சொல்றது ‘நீங்க’தான்” என்றீர்கள். அன்றுதான் வகுப்பில் முதன்முறையாக வாய் திறந்தேன்.

இன்று மாலை வேளைகளில், வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் ஆங்கிலம் கற்றுத்தருகிறேன். மேலாளரை ‘யூ’ என்று அழைக்கத் தயங்கிய ஒரு தம்பிக்குப் போன வாரம் இந்த ‘தௌ’ கதையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தபோது உங்களை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தமிழை ஆங்கிலத்துக்கு இடைஞ்சலாக நீங்கள் ஒருநாளும் நினைக்கவில்லை. அதைக் கைவிளக்காகப் பிடித்துத்தான் எங்களை அழைத்துப் போனீர்கள். அதற்குத்தான் இந்த நன்றி.

இன்னொன்றும் உண்டு. “படிங்க” என்று நீங்கள் சொல்லிக் கேட்டதில்லை. “நாம படிப்போம்” என்பீர்கள். ஆங்கிலத்தின் ‘வீ’யில் எதிரில் இருப்பவர் சேர்த்தியா இல்லையா என்பது தனியே தெரியாது. உங்கள் ‘நாம’வில் கடைசி பெஞ்சும் சேர்ந்திருந்தது. என் வகுப்பும் தினமும் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது, டீச்சர்.


உங்கள் கடைசி பெஞ்சு மாணவி