நொட்டாங்கை

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் இந்தப் பக்கம் வரல.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன் (கலவைதான், ஆற்காட்டுல பஸ் மாறணும்). அக்கா பையனுக்கு நாலு வயசு. சிலேட்ல இடது கையால 'அ' போட்டுக்கிட்டு இருந்தான். அம்மா பலப்பத்தைப் புடுங்கி வலது கையில திணிச்சாங்க. "நொட்டாங்கையில எழுதாதடா, நாலு பேர் சிரிப்பாங்க."

எனக்கு சுருக்குன்னுச்சு. இதே திண்ணையில இதே வசனம் எனக்கும் நடந்துச்சு. பள்ளிக்கூடத்துல முட்டி மேல ஸ்கேல் வேற. இன்னைக்கும் எழுதறது வலது கை, கல்லெறியறது இடது கை.

அன்னைக்கு ராத்திரி பையனுக்கு ரிங்கு சிங் கதை சொன்னேன். உண்மையில அம்மா காதுல விழட்டும்னுதான், ஹி ஹி.

கிரிக்கெட் ரிங்கு சிங் இல்லீங்க. அவரும் உத்தரப்பிரதேசம், அவரும் இடது கைதான். இவரு பதோஹி பக்கத்துல ஒரு லாரி டிரைவரோட பையன், ஈட்டி எறியறவர். 2008ல அமெரிக்காக்காரங்க இங்க வந்து 'மில்லியன் டாலர் ஆர்ம்'னு ஒரு போட்டி வச்சாங்க. பேஸ்பால்னா என்னன்னே தெரியாம போயி மணிக்கு 87 மைல் வேகத்துல எறிஞ்சார். நம்ம கணக்குல 140 கிலோமீட்டர். பரிசு ஒரு லட்சம் டாலர்! அந்த வருஷ நவம்பர்லயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் போட்டுது.

பேஸ்பால்ல இடது கை பிட்சருக்குத் தனி மவுசு. எறிய நிக்கும்போது முகம் முதல் பேஸைப் பார்த்து இருக்கும், அங்க நிக்கறவன் சட்டுனு அடுத்த பேஸுக்கு ஓட முடியாது. இங்க அடி வாங்கற கைக்கு அங்க சம்பளம்!

2014ல படமா வந்துச்சு, நம்ம ரஹ்மான் இசை. ஆனா நிஜக் கதை படம் முடிஞ்சப்புறம்தான். 2009ல கத்துக்குட்டி லீக்ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு படியா ஏறி, 2012ல வெஸ்ட் வர்ஜீனியா பவர் டீமுக்கு 39 ஆட்டம். 9 இன்னிங்ஸுக்கு சராசரி 3 ரன்தான் குடுத்தார். அப்புறம் முழங்கை போச்சு. ஆபரேஷன், 2013 முழுக்க வீண், திரும்பத் திரும்பக் காயம். மேஜர் லீக்கை எட்டவே இல்ல. 2018ல மல்யுத்தத்துக்குப் போயி 'வீர் மஹான்' ஆயிட்டார்.

முப்பது வருஷமா ராணிப்பேட்டையில தோல் கம்பெனியில இருந்த அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பந்து என்ன தோல்டா?"

"மாட்டுத்தோல்ப்பா. 108 தையல்."

"ம்ம்."

அம்மாதான் விடல. "அப்ப கடைசியில ஜெயிக்கலையா அந்தப் புள்ள?"

பதில் சொல்லத் தெரியல. நாலஞ்சு வருஷம் அந்தக் கையால சம்பாதிச்சாரும்மா, யாரும் மாத்திக்கச் சொல்லலைன்னேன். அம்மா பேசாம பாயை விரிச்சாங்க.

காலையில பையன் மறுபடி இடது கையில பலப்பம். அம்மா பார்த்தாங்க. பார்த்துட்டு, "எழுதிக்க. சோறு மட்டும் சோத்தாங்கையில"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

டிஸ்கி: பஸ் ஏறறதுக்கு முன்னாடி நானும் சிலேட்ல இடது கையால என் பேரை எழுதிப் பார்த்தேன். பையன் எழுத்தே தேவலை.