கொல்லைக் குளத்து அன்னம்

இங்கிலாந்தில் மகள் வீட்டுக் கொல்லையில் ஒரு குளம். ஏப்ரலில் நான் போனபோது அன்ன ஜோடி ஒன்று அங்கே முட்டையிட்டிருந்தது. பாலையும் நீரையும் பிரிக்கும் சாதுப் பறவை என்றுதானே நாம் கேட்டிருக்கிறோம்? மூன்று வயதுப் பேரன் ரொட்டித் துண்டோடு கரைக்கு ஓட, ஆண் அன்னம் சிறகைத் தூக்கிக்கொண்டு 'உஸ்ஸ்' என்று சீறி வந்ததே, பார்க்கணும்! பத்து கிலோ கனம் இருக்கும். எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. பேரனை வாரியெடுத்து, அதைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து வந்தேன்.

"விரட்டிவிடேண்டி!" என்றேன்.

"கூட்டைக் கலைத்தால் குற்றம்மா. 1981-லேயே சட்டம் இருக்கு. அடைகாப்பது ஐந்து வாரம்தானே!"

ரொட்டி போடுவதை நிறுத்தினோம். மாப்பிள்ளை எட்டத்தில் வேலி கட்டினார். மே மாதம் தாயின் முதுகில் குஞ்சுகள் சவாரி வந்தன. வேலிக்கு இப்பால் நின்று பேரன் கைதட்டினான். இவளைப் பெற்ற புதிதில் தொட்டிலருகே யாரையும் அண்டவிடாமல் நானும் சீறியவள்தானே!