உப்புக் கரையில் ஓர் இனிப்பு ஊற்று

காரைக்காலுக்குப் போனால், நேயர்களே, நகருக்கு மேற்கே சுமார் 2 கிலோமீட்டரிலுள்ள தருமபுரத்துக்கும் அவசியம் போய் வாருங்கள். சம்பந்தர் பாடிய பதிகத்தை யாழில் அடக்க முடியாமல் திருநீலகண்ட யாழ்ப்பாணர் திகைத்த தலம் அது என்பது ஐதிகம். சுவாமிக்கே யாழ்மூரிநாதர் என்று திருநாமம்!

தரிசனம் முடிந்ததும் கிழக்கே, அரசலாறு கடலில் கலக்கும் கரைக்குப் போங்கள். உச்சி வெயில், நாவோ வறட்சி, கையில் தண்ணீர் இல்லை. என்ன செய்வீர்கள்? மேல்நாட்டில் காட்டிலும் கரையிலும் பிழைக்கும் வித்தையைப் பணம் கட்டிப் படிக்கிறார்கள். நம் கரையோரத்தார் அதைப் பாட்டனாரிடமே படித்தார்கள்.

மணல்மேட்டுக்குப் பின்னுள்ள தாழ்வில், நீர் கசியும் வரை மட்டும் தோண்ட வேண்டும். மழைநீர் உப்புநீரைவிட இலேசு. மணலுக்கடியில் அதன்மேல் மிதக்கிறது. ஊறியதைப் பனையோலைப் பட்டையில் மொண்டுகொள்ளலாம். காய்ச்சிக் குடித்தால் உத்தமம். பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினீர்களோ, உப்புத்தான்!

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை ஏறியபோது கரையோரக் கிணறுகள் பல உப்பாயின. மழைதான் அவற்றை மெல்ல மெல்லக் கழுவ வேண்டியிருந்தது. ஆனால் ஆழ்குழாய் இறக்கி அளவின்றி இறைத்தால், அலை வராமலே உப்பு வந்து சேரும். பாட்டனார் சொன்ன அளவை மறந்துவிட்டால், ஆற்றங்கரையிலும் தாகம்தான்!