வண்டி மேல ஒரு வண்டி

பைக்கைப் பிக்கப்பில் ஏத்துறதை நீங்க வீடு மாத்தும்போது பார்த்திருப்பீங்க. எங்க மம்சாபுரத்தில் அது அடிக்கடி நடக்கிற சங்கதி. காரணம் டிவிஎஸ் எக்ஸெல். உர மூட்டை, புல்லுக்கட்டு, தேங்காய், மருந்தடிக்கிற ஸ்பிரேயர்னு எல்லாத்தையும் சுமக்கிறது அதுதான். மலையடிவாரத் தோப்பில் அது நின்னு போச்சுன்னா, அதைச் சுமந்து ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ மெக்கானிக்கிட்ட கொண்டுபோக ஒரு குட்டியானை வரணும். 2005-ல் டாடா ஏஸ் வர்றதுக்கு முன்னாடி மாட்டுவண்டியில் ஏத்திக் கொண்டுபோனதையும் பார்த்திருக்கேன்.

போன மாசம் கோயம்புத்தூரில் இருந்து அக்கா மகன் ஒரு டர்ட் பைக்கோட வந்தான். பைக்கில் வரலை, பிக்கப்பில் பைக்கை நிறுத்திக் கட்டிக்கிட்டு வந்தான். “ஏய்யா, ஓட்டிக்கிட்டே வந்திருக்கலாம்ல?”ன்னு அம்மா கேட்டாங்க. ஓட்ட முடியாது. பந்தயத்துக்குன்னே செஞ்ச வண்டிக்கு ஹெட்லைட் இல்ல, நம்பர் பிளேட் இல்ல, ரிஜிஸ்ட்ரேஷனும் கிடையாது. தார் ரோட்டில் இறக்கக் கூடாது. ஏழெட்டு லட்சம் போட்டு வாங்கினாலும் எங்கே போனாலும் இன்னொரு வண்டி முதுகில்தான் போகணும். அம்மாவுக்கு இது கடைசி வரைக்கும் விளங்கலை. எனக்கும் பாதிதான் விளங்குச்சு.

அவனுக்கு இந்தக் கிறுக்கு பிடிச்சது ஷொரணூர்க்காரர் ஹரித் நோவாவால். 2024 டக்கார் ராலியில், சவுதி பாலைவனத்தில், ராலி 2 பிரிவில் முதலாவதா வந்தவர். ஓட்டினது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்கு. நம்ம எக்ஸெல் செய்யுற அதே டிவிஎஸ்தான்.

“மலைக்குள்ள ஓட்டலாமா மாமா?”ன்னான். கூடாதுன்னேன். இந்த மலை 1988-ல் இருந்து சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-ல் இருந்து புலிகள் காப்பகமும் கூட. வாசிக்கிற நீங்களும் அந்த ஆசையோட வராதீங்க. எங்க தரிசு மூணு ஏக்கர் சும்மாதான் கிடக்கு, அதில் ஓட்டச் சொன்னேன்.

பிக்கப் வந்து நின்னதும், ரோட்டோரமாவே ஒரு பலகையைச் சாய்ச்சு வச்சு இறக்கப் பார்த்தாங்க. நான் விடலை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கீழத்தோப்பு அண்ணாச்சி அப்படித்தான் தன் எக்ஸெலை ஏத்தினார். டிரைவர் மேலே நின்னு இழுக்க, இவர் ஹேண்டில்பாரைப் பிடிச்சுத் தரையில் நடந்தபடி தள்ளினார். இங்கேதான் விஷயம் இருக்கு. வண்டி பலகையில் ஏற ஏற உசரமாகுது, ஆள் தரையிலேயே நிக்கிறார். பாதிப் பலகையில் ஹேண்டில்பார் அவர் தலைக்கு வந்திருச்சு. அந்த உசரத்தில் கைக்கு ஏது பலம்? வண்டி இவர் பக்கமே சாஞ்சது. விட்டுட்டு விலகியிருக்கலாம். அவருடைய ஒரே வண்டி, எப்படி விடுவார்? கணுக்கால் முறிஞ்சு ஒன்றரை மாசம் மாவுக்கட்டு. சரியான மாங்கா சீசன். தோப்பைக் கேட்ட விலைக்குக் குத்தகைக்கு விட்டார். இன்னைக்கும் வரப்பில் நடக்கும்போது அந்தக் காலைப் பார்த்துத்தான் வைப்பார்.

வண்டிக்கு வழி போடுறோம், ஆளுக்குப் போடுறதில்லை. டர்ட் பைக்கில் இது இன்னும் மோசம். எடை எக்ஸெலை விடக் கொஞ்சம்தான் கூட, நூறு கிலோவை ஒட்டி. ஆனா சீட்டே 95 சென்டிமீட்டர் உசரம். தரையில் நின்னாலே குதிரை மாதிரி நிக்கும்.

எங்க கிணத்தடியில், கிணறு வெட்டினப்போ கொட்டின மண்மேடு இருக்கு. இறுகிப்போய் இடுப்பு உசரம். பிக்கப்பைப் பின்னாடியே கொண்டுவந்து அதில் ஒட்டி நிறுத்தச் சொன்னேன். இடைவெளிக்கு மட்டும் குட்டையா ஒரு கனமான பலகை. மேடும் வண்டித் தளமும் ஒரே மட்டம், ஆளும் பைக்கும் ஒரே உசரம். உருட்டிக்கிட்டே வந்துட்டான். மேட்டின் மறுபக்கச் சரிவில் ஏறி உட்கார்ந்து ஓட்டியே இறங்கினான்.

மூணு நாள் ஓட்டினான். நாய்க எல்லாம் பின்னாலேயே ஓடுச்சு. திரும்பப் போற அன்னைக்கு அதே மேட்டில்தான் ஏத்தினோம். கோயம்புத்தூர்த் தெருவில் மேட்டுக்கு எங்கே போவான்? அதனால் ரெண்டு வேப்பம்பலகை கொடுத்துவிட்டேன், ஒண்ணு பைக்குக்கு, ஒண்ணு அவனுக்கு. ரெண்டோட தலையையும் வண்டியோட சேர்த்துக் கட்டணும், இல்லேன்னா சக்கரம் ஏறும்போது பலகை பின்னாடி உதைச்சு விழும். இறக்கும்போது பைக் பின்பக்கமாத்தான் வரும், பாரமெல்லாம் பின்சக்கரத்தில். முன்பிரேக்கை மட்டும் நம்பினா முன்சக்கரம் சுத்தாமலே வழுக்கும். இன்ஜினை அணைச்சு, முதல் கியர்ல போட்டு, கிளட்சைத் துளித்துளியா விட்டு இறக்கணும். எக்ஸெலுக்குக் கியர் கிடையாது, அதுக்கு மேலே ஒரு ஆள் கயிறு பிடிச்சு விட்டு விட்டுத்தான் இறக்கணும்.

கட்டுறதை நான்தான் பார்த்தேன். முன்சக்கரம் கேபினில் முட்ட, ஹேண்டில்பாரில் இருந்து ரெண்டு மூலைக்கும் கயிறு. முன் ஷாக் பாதி அமுங்குற அளவுக்கு இழுத்துக் கட்டி, சைடு ஸ்டாண்டை மடக்கியாச்சு. நைலான் கயிறு ஓட்டத்தில் தளரும், முதல் டீக்கடையில் நிறுத்திப் பாருன்னு சொல்லியனுப்பினேன்.

கிருஷ்ணன்கோவிலில் இருந்து போன் பண்ணினான். “இடது பக்கம் நல்லாவே தளர்ந்திருந்துச்சு மாமா. இழுத்துக் கட்டிட்டேன். வடை சூடா இருக்கு.”