கேட்பது யார்?

போர்ச்சுகலில் மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற சேசு சபைக் குரு சிறுவர்களுக்காக ஒரு ஞானோபதேசப் புத்தகம் எழுதினார். முழுக்க உரையாடல்தான். குரு கேட்பார், சீடன் சொல்வான். அதை அதே சபையைச் சேர்ந்த அண்ட்ரிக் அடிகளார் தமிழாக்கி, 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்ற பெயரில் அச்சிட்டார். முந்தைய ஆண்டு கொல்லத்தில் அச்சான 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ புகழ்பெற்றுவிட்டது. இதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

அதே போர்த்துகீசியப் புத்தகம் ஜப்பானுக்கும் போயிருக்கிறது. 1592இல் அமகுசாவில் அச்சான ஜப்பானியப் பதிப்பில் இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். அங்கே சீடன் கேட்கிறான், குரு பதில் சொல்கிறார்.

இதைப் படித்ததிலிருந்து என் நினைப்பெல்லாம் அந்த இடமாற்றத்தின் மேல்தான்.

நாங்களெல்லாம் குரு கேட்கும் முறையில் வளர்ந்தவர்கள். உபதேசியார் கேட்பார், நாங்கள் கோரஸாகச் சொல்வோம். அந்த மனப்பாடத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கருமத்தம்பட்டியில் இருந்த என் அம்முச்சிக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிவிட்டது. பெற்ற மகளையே யாரென்று கேட்பார். அம்மா கட்டிலருகே உட்கார்ந்து சின்னக் குறிப்பிடம் என்ற ஞானோபதேசப் புத்தகத்திலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக் கொடுத்தால் போதும், பதில் சொல் பிசகாமல் வரும். அடுத்த கேள்வி, அடுத்த பதில். சொல்லச் சொல்ல முகம் தெளியும். மகள் பெயர் போன பிறகும் அந்தப் பதில்கள் அவரோடு இருந்தன. புதுநன்மைக்குத் தயாராகும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல சீதனம் எதைக் கொடுத்துவிட முடியும்?

ஆனால் பதின்மூன்று வயதில் கேள்வி கைமாறிவிடுகிறது. இங்கே கணபதிப் பங்கில் உறுதிப்பூசுதல் முடிந்ததும் மறைக்கல்வி வகுப்புக்கு வராமல் போகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டியூஷன், செல்போன் என்று பெரியவர்கள் காரணம் சொல்கிறார்கள். அவை உண்மைதான். ஆனாலும் அந்தப் பிள்ளைகளோடு பத்து நிமிஷம் நின்று பேசினால், அவர்களிடம் ஏராளமான கேள்விகள் இருப்பது தெரிகிறது. “தைப்பூசத்துக்கு மருதமலைக்கு நடந்து போற என் ஃப்ரெண்டு மோட்சத்துக்குப் போக மாட்டானாங்க?” என்று ஒருவன். “பவுண்டரில எங்கப்பாவுக்குக் கை போச்சுங்க. சாமி ஏனுங்க பாத்துட்டே இருந்துச்சு?” என்று ஒரு பெண்.

முதல் கேள்விக்குத் திருச்சபையிடம் பதில் இருக்கிறது. மற்றச் சமயங்களில் உண்மையும் புனிதமுமாக இருக்கும் எதையும் தான் தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே அறிவித்துவிட்டது. தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல் இருந்தும் நேர்மையான மனதோடு கடவுளைத் தேடுபவர் மீட்புப் பெற முடியும் என்றும் அதே சங்கம் சொல்கிறது. வகுப்பெடுப்பவர் அதைப் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது கேள்விக்கு அப்படி ஒரு பத்தியைக் காட்டிவிட முடியாது.

அங்கேதான் தேவசகாயம் பிள்ளை நினைவுக்கு வருகிறார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டவர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளையாக இருந்தபோது, வீட்டில் அடுக்கடுக்காக இழப்புகள். மனம் உடைந்து நின்றவரிடம், குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் நடந்த ஞானஸ்நானத்துக்கு வித்து அந்தப் பேச்சுதான். முதலில் துயரம், அதிலிருந்து கேள்வி, அப்புறம்தான் பாடம். யோபுவின் புத்தகமும் அப்படித்தான் முடிகிறது. தயார்ப் பதில்களோடு வந்த நண்பர்களைக் கடவுள் கடிந்துகொள்கிறார். முகத்துக்கு நேரே கேள்வி கேட்ட யோபுவே சரியாகப் பேசினார் என்கிறார். பவுண்டரிக்காரர் மகளுக்கு இதைச் சொல்ல வேண்டாமா? அவள் கேள்வி பைபிளுக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தால் அவள் ஏன் கோயிலை விட்டு விலகப்போகிறாள்?

இளைஞருக்கென்றே 2011இல் வந்த ‘யூகேட்’ புத்தகத்தில் 527 கேள்விகள் இருக்கின்றன. நல்ல புத்தகம், வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் தன் கேள்வியைத் தன் வாயால் கேட்டுப் பழகிய பிள்ளைக்குத்தான் அது பயன்படும்.

இளம்பருவத்து இயேசுவை நற்செய்தி ஒரே ஒரு காட்சியில்தான் காட்டுகிறது. பன்னிரண்டு வயது. ஆலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்கிறார், அவர்களிடம் கேள்வியும் கேட்கிறார். அந்தப் போதகர்களை நான் மதிக்கிறேன். பையனை அதட்டி அனுப்பாமல், நாள்கணக்கில் உட்கார்ந்து அவனோடு பேசியிருக்கிறார்கள்.

நம் பங்குகளிலும் எட்டாம் வகுப்புக்கு மேல் ஜப்பானியப் பதிப்பின் முறைக்கு மாறலாம். வகுப்பின் முதல் அரைமணி நேரம் பிள்ளைகள் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் சிஸ்டரோ ஃபாதரோ உபதேசியாரோ “படித்துவிட்டு அடுத்த ஞாயிறு சொல்கிறேன்” என்று சொல்லட்டும், சொன்னபடி படித்துவிட்டு வரட்டும். கேட்ட பிள்ளையும் பதிலுக்காக வந்து உட்காரும்.