இரு சபைகள், ஒரு பள்ளி

பாளையங்கோட்டையில் பிறந்து, தில்லியில் மத்திய அரசு எழுத்தர்களாய்க் காலங்கழிக்கும் கணவன் மனைவியர் நாங்கள். எங்களுள் ஒருவர் கத்தோலிக்கர். மற்றவர், 1947இல் ஆங்கிலிக்கரும் பிறரும் இணைந்து உருவாக்கிய தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தவர். எங்கள் ஊரில் ஆங்கிலிக்க மிஷனரிமார் வழிவந்த தூய யோவான் கல்லூரியும், இயேசு சபையார் நிறுவிய தூய சவேரியார் கல்லூரியும் அதிகத் தொலைவின்றி நிற்கின்றன. ஆயினும் ஒருவர்க்குப் பூசை, மற்றவர்க்கு ஆராதனை. ஒருவர்க்குச் சாமியார், மற்றவர்க்கு ஐயர். இந்த இரு தெருக்களையும் ஒரே வீட்டிற்குள் கொண்டுவந்தவர்கள் நாங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க இந்நகரத்துக் கிறிஸ்தவப் பள்ளியொன்றின் படிவத்தை நிரப்பினோம். ‘சபைப் பிரிவு’ என்னும் கட்டத்தில் இரண்டையும் எழுதினோம். சன்னலுக்கு அப்பால் இருந்தவர், “ஏதேனும் ஒன்றை எழுதிக்கொண்டு வாருங்கள்” எனத் திருப்பித் தந்தார். அவர்மீது சினம் கொள்ள எங்களுக்கு உரிமையில்லை. சரியாக நிரப்பப்படாத படிவங்களைத் திருப்பியனுப்புவதே எங்கள் பிழைப்பும் அன்றோ!

அன்றிரவு எங்களுக்குள் நிகழ்ந்த சொற்போரை இங்கே விரித்தல் முறையன்று. உறங்கிவிட்டாள் என நாங்கள் எண்ணியிருந்த மகள், பாயில் எழுந்தமர்ந்து, “அப்படியானால் நான் யார்?” என்று கேட்டாள். இருவரும் வாயடைத்துப் போனோம்.

அந்த வாரத்தில்தான், லிவர்ப்பூல் நகரில் செவிலியராய்ப் பணிபுரியும் உறவினர் ஒருவர், அங்கே கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் கூடி நடத்தும் பள்ளியொன்று உண்டு எனத் தொலைபேசியில் கூறினார். ஆவல் மேலிட, அதுபற்றித் தேடித்தேடிப் படித்தோம்.

1840களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து கத்தோலிக்கர் பெருந்திரளாய் வந்திறங்கிய துறைமுகம் லிவர்ப்பூல். அங்கே சபைப் பகை தெருச்சண்டையாய் முற்றி, 1909இல் பெருங்கலவரமாய் வெடித்தது. அத்தகைய நகருக்கு 1975இல் ஆங்கிலிக்கப் பேராயராய் வந்தவர் டேவிட் ஷெப்பர்டு. 1952இல் ஓவல் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக 119 ஓட்டங்கள் குவித்த அதே கிரிக்கெட் வீரர்தாம் அவர். மறு ஆண்டு கத்தோலிக்கப் பேராயராய் டெரக் வொர்லாக் வந்தார். இருவரும் இருபதாண்டுக் காலம் நகரின் துயர்களில் ஒன்றாகவே நின்றனர். வொர்லாக் 1996இலும் ஷெப்பர்டு 2005இலும் மறைந்தனர். அந்த 2005ஆம் ஆண்டிலேயே, இரு மறைமாவட்டங்களும் கூட்டாகப் பொறுப்பேற்க, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் பெயரால் பதினொரு வயது முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பள்ளி திறக்கப்பட்டது. சபைகள் பிரியுமுன்னரே வாழ்ந்து 1226இல் மறைந்த பிரான்சிஸ், இரு சாராருக்கும் பொதுவானவர். இது தனித்ததொரு முயற்சியும் அன்று. 2008இல் வைட் தீவில் இரு சபைகளின் இரு பள்ளிகள் ஒன்றாகிக் கிறிஸ்து அரசர் கல்லூரி எனப் பெயர் பெற்றன.

இத்தகைய பள்ளிகளால் எல்லாம் தீர்ந்துவிட்டதெனச் சொல்வதற்கில்லை. ஒரு சபையார் பெற்ற ஞானஸ்நானத்தை மற்றவர் ஏற்கின்றனர். நற்கருணைப் பந்தியோ இன்றும் ஒன்றாகவில்லை. கத்தோலிக்கப் பூசையில் நற்கருணை பெறாதோர் மார்பின்மீது கைகளைக் குறுக்காக வைத்து முன்சென்று ஆசி மட்டும் பெறுவது அந்நாட்டில் பரவலான வழக்கம். நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பிணக்கைப் பள்ளி மணியடித்து முடித்துவிட இயலுமா?

இவற்றையெல்லாம் மகளிடம் சொன்னோம். சிறிது நேரம் சிந்தித்தாள்.

“அந்தப் பிள்ளைகளும் சேர்ந்து நற்கருணை வாங்குவதில்லையா?”

“இல்லை, அம்மா.”

“அப்புறம் எங்கே போவார்கள்?”

“ஒரே வகுப்புக்குத்தான் திரும்புவார்கள், ஒரே பெஞ்சில் அமர்வார்கள்.”

“அப்படியென்றால் நம் வீடு மாதிரிதான்” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அந்தக் கட்டத்தில் எங்களுள் ஒருவரது சபையின் பெயரை மட்டும் எழுதினோம். மற்றவர் பெற்றோர் என்ற இடத்தில் கையொப்பமிட்டார். ஒப்பமிட்ட கை சற்றே நடுங்கியதைக் காணாதது போல் இருந்துவிட்டோம். எதை எழுதினோம் என்பதை உறவினர் எவர்க்கும் இன்றுவரை சொன்னதில்லை. அவரவர் தத்தம் சபையே எழுதப்பட்டதாய் மகிழ்ந்திருக்கின்றனர்.

மகளுக்கு இப்போது பதினான்கு வயது. ஒரு ஞாயிறு பூசைக்கும், மறு ஞாயிறு ஆராதனைக்கும் மூவருமாகவே செல்கிறோம். பந்தி வேளையில் எங்களுள் ஒருவர் எழுந்து போவார்; மற்றவர் மகளோடு இருக்கையிலேயே அமர்ந்திருப்பார். எழுந்து சென்றவர் திரும்பி வரும்போது, அவள் சற்றே நகர்ந்து இடம் விடுவாள்.